தானே, தானாக, தனக்குள்: ஒரு முன்னொட்டின் சரித்திரம்

1

பாங்கில் என் மேஜைக்கு வரும் காசோலைகள் பலவற்றில், பணம் பெறுபவரின் பெயர் எழுதவேண்டிய இடத்தில் 'செல்ஃப்' என்று எழுதியிருக்கும். கொடுக்கிறவரும் வாங்குகிறவரும் ஒருவரே என்று அர்த்தம். ஆனால் அவர் அப்படிச் சொல்வதை வைத்து மட்டும் பாங்க் பணம் கொடுத்துவிடாது. கணக்குத் துவங்கிய அன்று போட்டுக்கொடுத்த மாதிரிக் கையெழுத்தோடு இன்றைய கையெழுத்து ஒத்துப்போக வேண்டும். கை நடுக்கம் கண்டுவிட்ட பென்ஷன்காரர்கள் மூன்று முறை போட்டும் ஒத்துப்போகாமல், "நான்தான் ஸார் இது" என்று சொல்லிக்கொண்டு கௌண்டருக்கு வெளியே நிற்பதை எத்தனையோ தடவை பார்த்தாயிற்று. அவர் அவர்தான் என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் அவர் யார் என்பதற்கான அத்தாட்சி அவரிடம் இல்லை, என்னிடம் இருக்கிறது.

மருத்துவ அகராதி ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தபோது இந்தக் காசோலைகள் ஞாபகத்துக்கு வந்தன. 'ஆட்டோ' என்ற முன்னொட்டில் துவங்கும் சொற்கள் அதில் பத்தி பத்தியாக இருக்கின்றன. ஆட்டாப்ஸி, ஆட்டோமாடிஸம், ஆட்டோஇம்யூன், ஆட்டோஃபேஜி, ஆட்டிஸம். கிரேக்க மொழியின் 'ஔதோஸ்' என்ற சொல்லிலிருந்து வந்தது, 'தன்' என்று பொருள் என ஒரே வரியில் சொல்லிவிட்டு அகராதி மேலே போய்விடுகிறது. நம் தெருவில் ஓடும் ஆட்டோவும் இதே முன்னொட்டுத்தான். ஓட்டுகிறவர் இல்லாமல் ஓரடி நகராத வண்டிக்குத் 'தானாக ஓடுவது' என்று பெயர்.

அந்த ஒரு வரி விளக்கம் போதாது என்பது என் கட்சி. தமிழ் தெரிந்தவனுக்கு இதைக் காண்பது சுலபம். 'தானே பார்த்தான்' என்பதும் 'தானாகத் திறந்தது' என்பதும் 'தனக்குள் முடங்கினான்' என்பதும் ஒன்றல்ல. முதலாவதில் ஒரு ஆள் இருக்கிறான், பொறுப்பேற்கிறான். இரண்டாவதில் ஆளே இல்லை. மூன்றாவதில் ஆள் இருக்கிறான், ஆனால் அதைச் சொல்வது வெளியே நிற்கிற வேறொருவன். இந்த மூன்று அர்த்தங்களும் ஒரே முன்னொட்டுக்குள் நுழைந்ததற்கு ஒரு சரித்திரம் உண்டு. அது சொல்லாராய்ச்சியோடு நின்றுவிடவில்லை. ஒரு அர்த்தம் மற்றொன்றாக நழுவிய இடத்தில் மனிதர்கள் அடிபட்டிருக்கிறார்கள்.

2

கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்ஸாண்ட்ரியாவில் 'எம்பிரிக்குகள்' என்று ஒரு மருத்துவப் பிரிவினர் தோன்றினார்கள். அனுபவம் ஒன்றே பிரமாணம் என்றவர்கள். நோயின் மறைவான காரணத்தைப் பற்றிய தத்துவ விசாரம் வீண், கண்டது எது, எது எதற்குப் பின் வந்தது என்பதே மருத்துவம் என்பது அவர்கள் நிலை. அவர்களுடைய அறிவுக்கு மூன்று கால்கள். முதலாவது 'ஔதொப்ஸியா', தன் கண்ணால் தானே கண்டது. இரண்டாவது 'ஹிஸ்டோரியா', பிறர் தம் கண்ணால் கண்டு எழுதி வைத்தது. மூன்றாவது, தெரிந்ததிலிருந்து அதைப் போன்ற தெரியாததற்கு நகர்வது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் எழுதிய கேலன் வழியாகத்தான் இவர்களைப் பற்றிய விஷயங்களில் பெரும்பகுதி நமக்குக் கிடைக்கிறது.

ஔதொப்ஸியாவை மருத்துவத்தின் அஸ்திவாரமாக வைத்த இந்த எம்பிரிக்குகள் பிணத்தை அறுத்துப் பார்ப்பதை ஏற்காதவர்கள். அறுத்தவுடன் உறுப்பு மாறிவிடுகிறது, செத்ததைப் பார்த்து உயிருள்ளதைப் பற்றிச் சொல்ல முடியாது என்று வாதித்தார்கள். இன்று 'ஆட்டாப்ஸி' என்றால் பிணத்தை அறுத்துப் பார்ப்பது. சொல், அதைப் புழங்கியவர்கள் மறுத்த காரியத்துக்கே பெயராகிவிட்டது.

இடையில் நடந்தது என்ன? ஐரோப்பிய மருத்துவக் கல்லூரிகளில் வெகுகாலம் பேராசிரியர் உயரமான ஆசனத்தில் அமர்ந்து கேலனை வாசிப்பார். கீழே ஒரு நாவிதர் உடலை அறுப்பார். புத்தகத்தில் ஒன்றும் மேஜையில் வேறொன்றும் இருந்தால் புத்தகமே சரி. பதுவா நகரில் ஆசிரியராக இருந்த வெஸாலியஸ் ஆசனத்திலிருந்து இறங்கிக் கத்தியைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். 1543இல் வந்த அவருடைய உடற்கூற்று நூல், கேலன் இரண்டு எலும்பு என்று எழுதியிருந்த மனிதனின் கீழ்த்தாடை ஒரே எலும்புதான் என்றது. கேலன் அறுத்துப் பார்த்தவை குரங்கு முதலான மிருகங்கள். மனிதனைத் 'தானே' பார்த்தவர் வெஸாலியஸ். இந்தப் பெரிய திருப்பத்துக்குப் பிறகு, தன் கண்ணால் பார்ப்பது என்றாலே அறுத்துப் பார்ப்பது என்று ஆகிப்போனதில் ஆச்சரியமில்லை. பார்வை மறைந்து பிணம் மட்டும் சொல்லில் தங்கிவிட்டது. இன்றைய கிரேக்க மொழியில் ஔதொப்ஸியா இன்னமும் நேரில் போய்ப் பார்வையிடுவதுதான். பிண ஆய்வுக்கு அவர்களிடம் வேறு சொல் உண்டு. 'பிரேதப் பரிசோதனை' என்கிற நம் சொல்லும் அந்த வகையில் நேர்மையானது.

இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஆட்டாப்ஸியில் உள்ள 'தான்' பார்க்கிறவனுடைய தான். மேஜையில் கிடக்கிறவனுடையது அல்ல.

3

இரண்டாவது அர்த்தமும் பழையதுதான். ஹோமரின் இலியத்தில் வானுலகின் வாயில்கள் தாமாகத் திறக்கின்றன. கொல்லனாகிய ஹெஃபைஸ்டஸ் செய்த முக்காலிகள் தாமாக உருண்டு தேவர் சபைக்குப் போய் வருகின்றன. அங்கே இது தேவர்களின் வைபவம். 19ஆம் நூற்றாண்டில் இதே சொல் நோயாளிகளின் வார்டுக்குள் நுழைந்தபோது வைபவம் போய்விட்டது.

1889இல் பியர் ழானே 'மனத்தின் ஆட்டோமாடிஸம்' பற்றிய தன் ஆராய்ச்சியைப் புத்தகமாக வெளியிட்டார். ல ஆவ்ர் என்ற துறைமுக ஊரில் தத்துவ ஆசிரியராக இருந்துகொண்டு அங்கிருந்த ஆஸ்பத்திரி நோயாளிகளை அவதானித்தவர். ஒரு பெண்ணோடு ஒருவர் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருப்பார். அவள் கையில் ஒரு பென்ஸில். பின்னாலிருந்து இன்னொருவர் மெல்லக் கேள்வி கேட்க, கை பதில் எழுதும். எழுதியது அவளுக்குத் தெரியாது. ழானேயின் வரையறையில் இது மனத்தின் பலவீனம். அனுபவங்களைச் சேர்த்துப் பிடித்து 'நான்' என்று ஒன்றாக்கும் சக்தி தளரும்போது கழன்று விழும் துண்டுகள் தாமாக இயங்குகின்றன. எழுத்து அங்கே இருக்கிறது, எழுதுகிறவள் இல்லை.

இதே விஷயம் அமெரிக்காவில் வேறு விதமாகப் பரிசோதிக்கப்பட்டது. வில்லியம் ஜேம்ஸிடம் படித்த இருவர், நோயில்லாதவர்களிடமும் இப்படி எழுத வைக்க முடியுமா என்று தம்மையே சோதித்துப் பார்த்து 1896இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒருவர் லியோன் ஸாலமன்ஸ். மற்றவர் கெர்ட்ரூட் ஸ்டைன். பிற்பாடு அந்த அம்மாள் எழுதிய உரைநடையைப் படித்து மிரண்டவர்களுக்கு இந்தப் பழைய கட்டுரை ஒரு வரப்பிரசாதமாயிற்று. 1934இல் உளவியலாளர் ஸ்கின்னர், ஸ்டைனின் ரகசியம் இதுதான், கை தானாக எழுதியதைத்தான் இலக்கியம் என்று தந்துவிட்டார் என்று எழுதினார். ஸ்டைன் மறுத்தார். தாம் எழுதியது தாமே எழுதியது என்பது அவர் கட்சி. அதற்கு முந்தைய வருஷம், 1933இல், தன் தோழியான ஆலிஸ் டோக்லஸின் 'சுயசரிதை'யைத் தானே எழுதி வெளியிட்டிருந்தார் அவர். சுயசரிதை என்ற சொல்லின் முதற்பாதியை அவ்வளவு தெரிந்து கேலி செய்தவரின் கை தெரியாமல் எழுதியது என்று நம்ப எனக்குச் சிரமமாக இருக்கிறது.

ஸர்ரியலிஸ்டுகளின் கதை இதற்கு நேர் எதிரானது. ஆந்த்ரே ப்ரெதான் மருத்துவ மாணவர். முதல் உலகப் போரின்போது, 1916இல், ஸென் திஸியே என்ற ஊரில் மனம் சிதைந்த சிப்பாய்களுக்கான மருத்துவ நிலையத்தில் வேலை பார்த்தவர். 1919இல் ஃபிலிப் சூப்போவோடு சேர்ந்து, திருத்தாமல், யோசிக்காமல், வந்ததை வந்தபடி எழுதும் பரிசோதனையில் இறங்கினார். 1924இல் ஸர்ரியலிஸ அறிக்கை வந்தபோது அதன் நடுவில் ஸர்ரியலிஸத்துக்கு ஒரு வரையறை இருந்தது. அகராதியில் சொல்லுக்குப் பொருள் தரும் அதே வடிவத்தில், அதே வறட்சியோடு எழுதப்பட்ட வரையறை. கலப்பற்ற மன ஆட்டோமாடிஸம் என்பது அதன் மையம். மருத்துவர்களின் சொல் அப்படியே எடுத்தாளப்பட்டது. அவர்கள் பலவீனம் என்றதை இவர் விடுதலை என்றார். அந்த அறிக்கையில் ஃப்ராய்டுக்கு மரியாதை உண்டு. சொல்லைக் கொடுத்த ழானேயின் பெயர் அந்த வரையறையில் இல்லை.

மருத்துவர்கள் இதைக் கவனிக்காமல் இல்லை. 1928இல் வந்த 'நாஜா'வில் மனநோய் மருத்துவர்கள் மீது ப்ரெதான் காட்டிய கடும் துவேஷம், அடுத்த வருஷம் அவர்களுடைய சங்கத்தில் விவாதிக்கப்பட்டது. ழானேயும் அங்கே பேசினார். ஸர்ரியலிஸ்டுகளின் நூல்களெல்லாம் எண்ணச் சுழலில் சிக்கியவர்கள், எதையும் நிச்சயிக்க முடியாதவர்கள் ஆகியோரின் வாக்குமூலங்கள் என்ற ரீதியில் அவர் அபிப்பிராயம் சொன்னார். அந்த விவாதத்தையே ப்ரெதான் தன் இரண்டாவது அறிக்கையோடு சேர்த்து அச்சிட்டுப் பதிலடி கொடுத்தார். சண்டை ஒரே ஒரு சொல்லை முன்னிட்டு என்றுகூடச் சொல்லலாம். 'தானாக' வருவது நோயின் குறியா, கவிதையின் ஊற்றா?

எனக்கு இரு தரப்பும் ஒரே தவறைச் செய்வதாகப் படுகிறது. 'தானாக' என்று சொல்லிவிட்டால் பொறுப்பேற்க ஆள் வேண்டியதில்லை. மருத்துவருக்கு நோயாளியின் வார்த்தையை வார்த்தையாக மதித்துக் கேட்கத் தேவையில்லை, அது வெறும் இயக்கம். கவிஞனுக்குத் தன் வரியைப் பற்றி யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லை, அது தானாக வந்தது. நம்மிடையேயும் கவிதை தனக்கு 'வந்தது' என்று சொல்லிக்கொள்கிறவர்கள் உண்டு. அதே கவிதையைப் பிடிக்காதவர்கள் 'நோய்க்கூறு' என்று மருத்துவச் சொல் ஒன்றை எடுத்து வீசுவதும் உண்டு. இரண்டிலும் கவிதையைப் படிக்கிற வேலை மிச்சம்.

4

மனத்தை விட்டு உடலுக்கு வருவோம். இங்கே முன்னொட்டு நுழைந்ததே ஒரு மறுப்பாகத்தான்.

1900ஐ ஒட்டி ஃப்ராங்க்ஃபர்ட்டில் பால் எர்லிக்கும் மோர்கன்ராத்தும் ஆடுகளுக்கு வேறு ஆடுகளின் ரத்தத்தைச் செலுத்திப் பார்த்தார்கள். அந்நிய ஆட்டின் சிவப்பணுக்களை அழிக்கும் பொருள் ஊசி போட்ட ஆட்டின் ரத்தத்தில் உண்டாயிற்று. தன் சொந்த அணுக்களை அழிக்கும் பொருள் மட்டும் உண்டாகவில்லை. உடல் தன்னையே விஷமாக்கிக்கொள்ள அஞ்சுகிறது என்ற அர்த்தத்தில் எர்லிக் இதற்கு லத்தீனில் 'ஹாரர் ஆட்டோடாக்ஸிகஸ்' என்று பெயரிட்டார். கவித்துவமான பெயர். கெடுதலும் அதனால்தான் விளைந்தது.

எர்லிக் சொன்னது நிதானமான விஷயம். தன்னைத் தாக்கும் பொருள் உடலில் தோன்றினாலும் அது வேலை செய்யாதபடி தடுக்க உடலில் ஏதோ ஏற்பாடுகள் இருக்க வேண்டும் என்பது அவருடைய யூகம். படித்தவர்கள் அந்த ஏற்பாடுகளை விட்டுவிட்டார்கள். 'அச்சம்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். உடல் தன்னைத் தாக்காது, தாக்க முடியாது என்று ஒரு சட்டமாகவே அது இறுகிவிட்டது. 1904லேயே வியன்னாவில் டோனாத்தும் லாண்ட்ஸ்டைனரும் ஒரு நோயை விளக்கினார்கள். குளிர் பட்டால் சிறுநீர் சிவப்பாகப் போகும் நோயாளிகளிடம், அவர்களுடைய சிவப்பணுக்களையே உடைக்கும் பொருள் ரத்தத்தில் இருப்பதைச் சோதனையில் காட்டினார்கள். அது ஒரு விதிவிலக்காக ஓரத்தில் வைக்கப்பட்டது. விஞ்ஞானத்திலும் கண்ணால் கண்டதைவிட நன்றாகப் பெயரிடப்பட்டது வலுவாக நிற்கிறது.

சட்டம் உடைய அரை நூற்றாண்டு பிடித்தது. 1956இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் நோயல் ரோஸும் எர்ன்ஸ்ட் விடெப்ஸ்கியும் முயலின் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றை அந்த முயலுக்கே செலுத்தியபோது, அதன் உடல் தன் தைராய்டையே தாக்கிச் சிதைத்தது. விடெப்ஸ்கி, எர்லிக்கோடு வேலை பார்த்த ஒருவரிடம் பயின்றவர். சட்டத்தை உடைத்தவர் அந்தப் பரம்பரைக்காரரே. அதே வருஷம் லண்டனில் ராய்ட், டோனியாக் ஆகியோரின் குழு, ஹாஷிமோட்டோ நோய் கண்டவர்களின் ரத்தத்தில் தம் தைராய்டுக்கே எதிரான பொருளைக் கண்டது. ஆட்டோஇம்யூன் நோய்கள் என்று இன்று மூட்டுவாதத்தில் ஒரு வகையையும், சிறு வயதில் வரும் சர்க்கரை நோயையும், லூபஸையும் சொல்லும் பட்டியல் இதற்குப் பிறகு நீண்டதுதான்.

உடல் எப்படித் தன்னை அடையாளம் காண்கிறது என்ற கேள்விக்கு ஆஸ்திரேலியரான மக்ஃபார்லேன் பர்னெட் 1949இல் ஃபென்னரோடு சேர்ந்து எழுதிய நூலில் ஒரு பதிலை முன்வைத்தார். உடலின் ஒவ்வொரு அணுவிலும் 'தான்' என்ற முத்திரை இருக்கிறது, அது இல்லாதது அந்நியம். எனக்கு இது உடனே புரிந்துவிட்டது. மாதிரிக் கையெழுத்து அட்டைதான் அது. அப்படிப் பார்த்தால் ஆட்டோஇம்யூன் நோய் என்பது, கையெழுத்து வேறுபடுகிறது என்று உடல் தன் காசோலையைத் தானே திருப்பி அனுப்புவது.

உவமை பிடிபட்டதும் விஷயம் முடிந்துவிட்டதாக நினைக்கக் கூடாது என்பதற்கும் இந்தக் கதையே சாட்சி. ஆரோக்கியமான உடலிலும் தன்னைத் தாக்கக்கூடிய அணுக்கள் உண்டு என்று பிறகு தெரிந்தது. அவற்றை அடக்கி வைக்கும் வேறொரு வகை அணுக்களை 1995இல் ஷிமோன் ஸகாகுச்சி அடையாளம் காட்டினார். 2025இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. எர்லிக் யூகித்து, வாசகர்கள் கைவிட்ட அந்த 'ஏற்பாடுகள்' ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்துக் கிடைத்தன. இன்னொரு பக்கம், அணு தன் பாகங்களைத் தானே ஜீரணித்துக்கொள்வதற்கு 1963இல் பெல்ஜியரான தெ தியூவ் ஆட்டோஃபேஜி என்று பெயரிட்டார். தன்னைத் தின்பது என்று அர்த்தம். அழிவின் பெயர்போல ஒலிக்கிறது. பட்டினியில் அணு உயிரோடிருக்க அதுவே வழி என்பதை ஈஸ்ட்டில் ஆராய்ந்து விளக்கிய ஒஸுமிக்கு 2016இல் நோபல் பரிசு. முன்னொட்டைப் பார்த்துப் பயந்ததும் ஒரு பிழை, பார்த்துத் தீர்ப்பு எழுதியதும் ஒரு பிழை.

5

மூன்றாவது அர்த்தம்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

1898இல் ஹேவ்லாக் எல்லிஸ் ஆட்டோ எராடிஸம் என்று ஒரு சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். பிறரை நாடாது தன்னிலிருந்தே எழும் காமம் என்று பொருள். ஃப்ராய்ட் அதை எடுத்துக்கொண்டார். ஸூரிச் மருத்துவமனையின் தலைவர் ஓய்கன் ப்ளாய்லருக்கு ஃப்ராய்டின் கருத்து வேண்டியிருந்தது, ஆனால் அதிலிருந்த காமம் வேண்டியிருக்கவில்லை. 1907 மே மாதம் யுங் ஃப்ராய்டுக்கு எழுதிய கடிதத்தில், ப்ளாய்லர் ஆட்டோ எராடிஸம் என்று சொல்ல விரும்பவில்லை, 'ஆட்டிஸம்' அல்லது 'இப்ஸிஸம்' என்று சொல்ல விரும்புகிறார் என்று தெரிவிக்கிறார். இரண்டாவதும் அதே 'தன்'தான், லத்தீனில். ஒரு சொல்லின் நடுவிலிருந்து ஈராஸை வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தை ஒட்டியதால் பிறந்த சொல் ஆட்டிஸம். 1911இல் ஸ்கிஸோஃப்ரேனியா பற்றிய தன் பெரிய நூலில், வெளியுலகை விட்டு விலகி அகவுலகில் வாழ்வது என்ற பொருளில் ப்ளாய்லர் அதை நிலைநாட்டினார். 1919இல், மருத்துவர்களின் சிந்தனையிலேயே இந்த ஆட்டிஸம் இருக்கிறது, யதார்த்தத்தைப் பாராமல் தம் விருப்பத்தின்படி நினைக்கிறார்கள் என்று தனியாக ஒரு புத்தகமும் எழுதினார். அதை மருத்துவர்கள் போதிய அளவு படித்திருக்கலாம்.

1943இல் அமெரிக்காவில் லியோ கான்னர் பதினொரு குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். எட்டுப் பையன்கள், மூன்று பெண்கள். தனிமையை நாடுபவர்கள், எதுவும் மாறாதிருக்க வேண்டும் என்று பிடிவாதம் செய்பவர்கள். இவர்களுக்கு ப்ளாய்லரின் சொல்லைக் கான்னர் எடுத்துக் கொடுத்தார். இங்கேதான் நழுவல். ப்ளாய்லரின் நோயாளிகள் ஒரு உலகத்தில் இருந்துவிட்டு விலகியவர்கள். இந்தக் குழந்தைகள் பிறப்பிலிருந்தே இப்படி இருந்தவர்கள் என்பது கான்னரே சொன்னது. தன் கட்டுரையை முடிக்கும்போது இது பிறவிக் குறை என்ற முடிவுக்கே அவர் வருகிறார். ஆனால் சொல் தன் பழைய அர்த்தத்தைக் கழற்றி வைத்துவிட்டு வரவில்லை. விலகியவன் என்றால் எதிலிருந்து விலகினான், யாரால் விலகினான் என்று கேட்கத் தோன்றும். பதில் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தது. தாய்.

நாற்பதுகளின் இறுதியில் கான்னரே இந்தக் குழந்தைகளின் பெற்றோர் உணர்ச்சியற்றவர்கள் என்று எழுதலானார். குளிர்ப்பெட்டியில் வைக்கப்பட்ட குழந்தைகள் என்ற உவமையையும் அவர்தான் தந்தார். 1967இல் ப்ரூனோ பெட்டல்ஹைம் 'வெற்றுக் கோட்டை' என்ற நூலில் இதை ஒரு தத்துவமாகவே கட்டிவிட்டார். நாஜிகளின் டஹாவ், பூஹன்வால்ட் முகாம்களில் அடைபட்டிருந்தவர் அவர். அங்கே கைதிகள் உள்ளொடுங்கியதையும் இந்தக் குழந்தைகளின் நிலையையும் ஒப்பிட்டார். ஒப்புமையை முழுதாக ஏற்றால் தாய் எந்த இடத்தில் நிற்கிறாள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு தலைமுறைத் தாய்மார்கள் இந்தக் குற்றச்சாட்டைச் சுமந்தார்கள். 1964இலேயே, தானும் இப்படிப்பட்ட ஒரு குழந்தையின் தகப்பனான உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லண்ட், இது மூளை சம்பந்தமானது என்று விரிவாக வாதாடியிருந்தார். 1969இல் பெற்றோர் கூட்டம் ஒன்றில் கான்னர் அவர்களைக் குற்றத்திலிருந்து விடுவிப்பதாகச் சொன்னார். 1977இல் ஃபோல்ஸ்டைனும் ரட்டரும் இருபத்தொரு இரட்டையர் ஜோடிகளை ஆராய்ந்து பரம்பரைக் கூறுக்கு ஆதாரம் காட்டினார்கள். 1980இல் அமெரிக்க மனநோய் மருத்துவர்களின் கையேடு இதை ஸ்கிஸோஃப்ரேனியாவிலிருந்து பிரித்தது. 2013இல் எல்லை விரிந்து ஒரு நிறமாலை ஆயிற்று.

வியன்னாவில் 1944இல் இதே முன்னொட்டை வைத்து எழுதிய ஹன்ஸ் அஸ்பெர்கரின் கதை இன்னும் இருண்டது. சில குழந்தைகளின் திறமையை மெச்சிய அவர், வேறு சில குழந்தைகளை நாஜிகளின் ஸ்பீகல்க்ருண்ட் நிலையத்துக்கு அனுப்பியதில் பங்கு கொண்டார் என்பதை 2018இல் சரித்திராசிரியர் ஹெர்விக் செக் ஆவணங்களோடு காட்டினார். நூற்றுக்கணக்கான குழந்தைகள் மாண்ட இடம் அது. வரையறுக்கிறவன் கையில் பேனா மட்டும் இருப்பதில்லை.

கான்னரின் கட்டுரையில் எனக்கு மறக்காத விஷயம் ஒன்று உண்டு. இந்தக் குழந்தைகள் தம்மை 'நீ' என்று சொல்கிறார்கள். தமக்கு எப்படிச் சொல்லப்பட்டதோ அப்படியே திருப்பிச் சொல்கிறார்கள் என்று அவர் குறித்துவைக்கிறார். தாய் 'உனக்குப் பால் வேண்டுமா' என்று கேட்டால், பால் வேண்டும்போது குழந்தையும் 'உனக்குப் பால் வேண்டுமா' என்கிறது. 'நான்' என்று சொல்லாத குழந்தைகளுக்கு, தன்னிலேயே மூழ்கியவர்கள் என்று பெயர். எழுபது எண்பது வருஷம் இந்தச் சொல்லுக்கு வரையறை எழுதிய அத்தனை பேரும் வெளியே நின்று பார்த்தவர்கள். மேஜையில் கிடந்தவர்கள் பேசவில்லை.

1986இல் டெம்பிள் க்ராண்டின் தன் சுயசரிதையை வெளியிட்டார். சிறு வயதில் ஆட்டிஸம் என்று முத்திரை குத்தப்பட்டவர். கூட எழுதியவர் ஒருவர் உண்டு என்பது உண்மைதான். இருந்தாலும் உள்ளே இருப்பது எப்படி இருக்கிறது என்று உள்ளே இருந்தவர் சொன்னது பெரும்பாலோர்க்குப் புதிது. ஆட்டோபயோகிராஃபி என்ற சொல்லை 1797இல் ஆங்கிலத்தில் ஒரு மதிப்புரைக்காரர், பண்டிதத்தனமாக ஒலிக்குமே என்ற தயக்கத்தோடு குறிப்பிட்டார். அதே முன்னொட்டுள்ள இன்னொரு சொல்லை அது ஒருநாள் கேள்வி கேட்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. தன் கண்ணால் தானே கண்டது என்ற எம்பிரிக்குகளின் ஔதொப்ஸியா, பார்க்கப்பட்டவரின் பக்கத்துக்கு வந்து சேர்ந்தது அப்போதுதான் என்று நான் நினைக்கிறேன்.

6

நம் அரசுத் தமிழில் ஆட்டிஸத்துக்கு 'மதி இறுக்கம்' என்று ஒரு பெயர் உண்டு. 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்று இன்னொன்றும் உண்டு. இரண்டாவது, வெளியுலகை விட்டு விலகியவர் என்று 1911இல் ப்ளாய்லர் வேறொரு நோய்க்கு எழுதிய வரையறை. மொழி மாறி, கடல் கடந்து, ஒரு நூற்றாண்டு தாண்டி நம் படிவங்களில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

1999இல் நாடாளுமன்றம் இயற்றிய நேஷனல் டிரஸ்ட் சட்டத்தின் கீழ், ஆட்டிஸம் உள்ளவர்களுக்கு வயது வந்த பிறகும் காப்பாளர் நியமிக்கலாம். அந்தச் சான்றிதழை வைத்துக் காப்பாளர் பாங்கில் கணக்குத் துவங்கலாம். அப்படி ஒரு அம்மாள் தன் பையனோடு என் மேஜைக்கு வந்தார். பத்தொன்பது, இருபது வயதிருக்கும். அவர்களுக்கு முன்னால் இருந்தவரிடம், "இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று நான் சொல்லி அனுப்பியிருந்தேன். அம்மாள் உட்கார்ந்து படிவத்தை எடுத்ததும் பையன், என் குரலிலேயே, "இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது.

"அவன் போடறேங்கறான் ஸார்" என்றார் அம்மாள்.

"அவர் போட வேண்டியதில்லம்மா. நீங்க காப்பாளர், நீங்க போட்டாப் போதும்."

விதி அதுதான். நான் சொன்னதில் தவறில்லை. அந்தக் கணக்கில் 'செல்ஃப்' என்று எழுத அவனுக்கு இடமில்லை. அம்மாள் ஐந்தாறு இடங்களில் கையெழுத்துப் போட்டார். பையன் இன்னும் இரண்டு முறை அதையே சொன்னான். பிறகு மேஜையில் கிடந்த சலான் ஒன்றை இழுத்து, பின்பக்கத்தில் தன் பெயரைத் தமிழில், ஒவ்வொரு எழுத்தாக, எழுதினான். எழுதி என் பக்கம் நகர்த்தி வைத்தான்.

அவன் பேசிய விதத்தை நோயின் குறி என்று 1943இலேயே எழுதியாயிற்று. நானும் அதைப் படித்திருந்தேன். அவன் என்னிடம் ஒன்று கேட்டான் என்பது அவர்கள் போன பிறகுதான் உறைத்தது. அதற்குள் அந்தச் சலானை ரத்தான தாள்களோடு சேர்த்துக் கிழித்துப் போட்டிருந்தேன்.